மாடி அறைக் கிழவரின் கட்சி

கொலோன், மேற்கு ஜெர்மனி
22 நவம்பர் 1953

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். கடிதம் போன வாரம் வந்தது. புரட்டாசிக்கு அப்புறம் நான் எழுதவே இல்லை என்று அம்மா அழுததாக அக்கா ஓரத்தில் எழுதியிருக்கிறாள். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. குளிருக்குக் கோட்டு வாங்கிவிட்டேன். வேறு யாரோ போட்டதுதான், ஆனால் கெட்டித் துணி. பணம் ஏதும் அனுப்ப வேண்டாம். உருளைக்கிழங்கு இங்கே மலிவு.

ஹிட்லர் கட்சி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் இல்லை. அதன் வாரிசாகக் கிளம்பிய ஒன்றையும் போன வருஷம் நீதிமன்றம் தடை செய்துவிட்டது. பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் மட்டும் தொழிற்சாலையில் பேச்சை மாற்றுகிறார்கள்.

செப்டம்பர் 6 தேர்தலில் அடினாவர்தான் மறுபடியும் ஜெயித்தார். வயது 77, முன்பு இதே ஊரில் மேயர். 1949இல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சான்சலர், அதாவது நம் பிரதமர் மாதிரி, ஆனவர். அந்த ஓட்டும் அவரே போட்டுக்கொண்டது என்று வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொல்வாள். இந்தத் தடவை அவர் கட்சிக்கு 45.2 சதவீதம். ‘மார்க்சியத்தின் எல்லா வழியும் மாஸ்கோவுக்கே’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஜூனில் கிழக்கு பெர்லினில் தொழிலாளர்கள் மேல் ரஷ்ய டாங்கிகள் வந்த பிறகு அதற்கு யார் பதில் சொல்ல முடியும்? சமூக ஜனநாயகக் கட்சிக்கு 28.8. ஹிட்லர் முகாம்களில் பத்து வருஷம் போல் கிடந்த அதன் தலைவர் ஷூமாக்கர் போன வருஷம் இறந்துபோனார். இப்போதிருக்கும் ஓலன்ஹவர் நல்ல மனிதர், பேச்சில்தான் உப்பில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு 2.2தான், இடமே கிடைக்கவில்லை.

மாடி அறைக் கிழவரைப் பற்றி எழுதினேனா? பிரெஸ்லாவ் ஊர்க்காரர். அது இப்போது போலந்துக்குப் போய்விட்டது. எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் தவறாமல் போய்த் துண்டுத்தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். அத்தனையும் அடுப்புப் பற்றவைக்க! அடினாவர் தாள் வழவழப்பு, புகைதான் வருகிறதாம். ஓட்டுப் போட்டது அகதிகள் கட்சிக்கு. 5 சதவீதம் வராவிட்டால் இடமில்லை என்பது சட்டம், 5.9 வாங்கித் தப்பித்து, இப்போது மந்திரி சபையிலும் சேர்ந்துவிட்டார்கள். “எல்லா அகதிக்கும் வீடும் வேலையும் கிடைத்துவிட்டால் உங்கள் கட்சிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?” என்று கேட்டேன். “ஒருத்தரும் போடக்கூடாது, அதற்குத்தான் போட்டேன்” என்றார். இழந்த சொத்துக்கு ஈட்டுத்தொகை கேட்டு அவர் எழுதும் விண்ணப்பத்தில் காபி அரைக்கும் மிஷின் வரை இருக்கிறது.

தீபாவளிக்குச் சில நாள் கழித்து இந்தத் தெருக் குழந்தைகள் காகித விளக்கு ஏந்திப் பாடிக்கொண்டு போனார்கள். இங்கே அது ஒரு கிறிஸ்தவப் பண்டிகை. ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா இந்த வருஷம் அதிரசம் சுட்டாளா? யாருமே எழுதவில்லையே.

சரி, வீட்டு விஷயம். ராஜாஜி திட்டத்தில் அண்ணன் பையனுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான் என்றால், மிச்ச நேரம் அவனை வயலுக்கு அனுப்பாதீர்கள். மாமாவிடம் கணக்குப் படிக்கட்டும். மேலத்தெரு சித்தப்பா நீட்டும் பத்திரத்தில் என் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். வட்டி எவ்வளவு என்று தெளிவாகக் கேட்டு எழுதுங்கள். தங்கைக்கு வந்த வரன் விஷயமாக ஜாதகம் பொருந்தியதா, பையன் சம்பளம் என்ன என்று அக்காவைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவன்