கவுண்டரில் நிற்பவருக்கும் அதிகாரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்லைன் வியாபாரம் ஊர்க்கடைகளின் வயிற்றில் அடிக்கிறது என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வியாபாரிகள் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறோம். கடை வாடகையும் ஆட்களின் சம்பளமும் கொடுப்பவர்களுக்கு அந்தக் கவலை வருவது நியாயம்தான். ஆனால் சனம் அங்கே போவதற்கு விலை மட்டும்தான் காரணம் என்று அவர்கள் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருளை விற்கும் வரை நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குள் ஏறிப் பாருங்கள். பெருநாள், தீபாவளி நெரிசலிலும் சலிக்காமல் சேலை சேலையாக விரித்துக் காட்டுவார்கள். ஒன்றும் எடுக்காமல் எழும்பினாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிக்கல் எல்லாம் காசு கைமாறிய பிறகுதான்.

அண்மையில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் ரைஸ் குக்கர் வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே அது சூடேறவில்லை. பில்லும் வாரண்டி அட்டையுமாகப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி நல்ல மரியாதை. கதிரை போட்டு இருக்கச் சொன்னார், செருகிப் பார்த்தார், பழுதுதான் என்று ஒப்புக்கொண்டார். மறுகா, "முதலாளி இல்ல அக்கா, அவர் வந்தாத்தான் ஏதும் சொல்லலாம்" என்றார். எப்போது வருவார் என்று கேட்டால் தெரியாது. அவருடைய போன் நம்பரும் தரக்கூடாதாம். அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. பல்லாயிரம் ரூபாய்ச் சாமானை விற்க அவரை நம்புகிற முதலாளி, ஒரு குக்கரை மாற்றிக் கொடுக்க நம்பவில்லையே!

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நாம் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்குப் போனும் எடுக்கலாம். ஆனால் ஒரு குக்கருக்காக யார் அவ்வளவு தூரம் மினக்கெடுவார்கள்? பேசாமல் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஏன் வரவில்லை என்று முதலாளிக்குக் கடைசிவரை தெரியவராது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு, அக்கரையில் இருக்கிற படுவான்கரைச் சனத்துக்கே ஆரையம்பதி, காத்தான்குடி, டவுன் என்று பார்த்துப் பார்த்து வாங்க வழியிருக்கிறது. போதாததற்குக் கையில் போன் வேறு.

முதலாளிமாருக்கும் ஒரு சங்கடம் உண்டு. பழுதான சாமானைத் திரும்ப எடுக்கக் கொழும்பு மொத்த வியாபாரிகள் இழுத்தடிப்பார்கள் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அப்படியென்றால் அதை உள்ளபடி சொல்லலாமே. "சாமான் கொழும்புக்குப் போயிருக்கு, இன்ன திகதிக்குள் பதில் சொல்றோம்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள். திகதி சொல்லாமல் திரும்பத் திரும்ப அலைய விடுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

இவ்வளவு ரூபாய்க்கு உட்பட்ட பொருளென்றால் கவுண்டரில் நிற்பவரே மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கடையும் ஓர் எல்லை வகுக்கட்டும். முறைப்பாட்டுக்கென்று ஒரு போன் நம்பரைப் பில்லிலேயே அச்சடிக்கட்டும். மொத்த வியாபாரிகளோடு தனிக் கடைக்காரர் மல்லுக்கட்டி வெல்வது கஷ்டம்; அதை நமது வர்த்தகச் சங்கங்கள் கையில் எடுத்துப் பேசவேண்டும்.

இங்ஙனம்,
வாசகி,
களுவாஞ்சிகுடி.