பேச மட்டும் ஒரு மாத பேக் வேண்டும்: டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். சிம் கார்டு, ரீசார்ஜ், ஜெராக்ஸ், கரண்ட் பில் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற கடை. நீங்கள் டெல்லியில் போடும் உத்தரவு எங்கள் ஊர் ஜனங்களுக்கு என்ன செய்தது என்று முதலில் தெரிவது என்னைப் போன்றவர்களுக்குத்தான். விலை ஏறினால் திட்டு வாங்குவதும் நாங்கள்தான்.

நான் கேட்க வந்தது இதுதான். நெட் வேண்டாம், பேச மட்டும் போதும் என்கிறவருக்கு 28 அல்லது 30 நாளுக்கான ஒரு பேக் ஒவ்வொரு நிறுவனத்திடமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். இதைக் கேட்க எங்களுக்கு ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. அதற்கு 2015ஐக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும். 

அந்த வருடம் மார்ச் 27 அன்று நீங்கள் ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டீர்கள். 118 பக்கம், 20 கேள்விகள், எல்லாம் ஆங்கிலம். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம், தனி உரிமம் வேண்டுமா என்பது சாரம். சாதாரண மனிதர் யாரும் படிக்க மாட்டார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கணினி தெரிந்த பிள்ளைகள் அதைச் சுருக்கி, எளிமையாக்கி, பதில் அனுப்ப வழி செய்து கொடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் உங்களுக்கு வந்தன. அதில் என்னுடையதும் ஒன்று.

அதே சமயத்தில் பேஸ்புக்கின் இலவசத் திட்டமும் வந்திருந்தது. முதலில் இன்டர்நெட்.ஆர்க், அப்புறம் ஃப்ரீ பேசிக்ஸ். 2015 பிப்ரவரியில் அது தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அவர்கள் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் காசில்லாமல் பார்க்கலாம், மற்றதற்குக் காசு. நாங்கள் எதிர்த்தபோது ஒரு கேள்வி வந்தது. "ஏழைக்கு இலவசமாகக் கிடைக்கிறதை ஏன் தடுக்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான், உதறிவிட முடியாது. எங்கள் பதில் இப்படி இருந்தது: ஏழைக்கென்று ஒரு துண்டு இணையம் தேவையில்லை, எல்லாருக்கும் இருக்கிற முழு இணையத்தையே அவரால் கொடுக்க முடிகிற விலையில் கொடுங்கள்.

2016 பிப்ரவரி 8 அன்று நீங்கள் எங்கள் பக்கம் நின்றீர்கள். பார்க்கிற தளத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். உலகத்தில் பல நாடுகள் செய்யத் தயங்கியதைச் செய்தீர்கள். எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற இணையச் சமவாய்ப்பு 2018இல் நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளிலேயே ஏறியது. அதற்கு இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் அந்த வாதத்தின் பாதிதான் சட்டமானது. முழு இணையம் என்பதற்கு விதி வந்தது. கொடுக்க முடிகிற விலை என்பதற்கு விதி வரவில்லை. அது வராதது அப்போது யாருக்கும் உறைக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் புதிய 4ஜி நிறுவனம் ஒன்று இறங்கியதும் விலை மளமளவென்று சரிந்தது. மலிவு தானாக வந்ததால் அதை விதியாக்க வேண்டும் என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

போட்டியால் வந்த மலிவு போட்டி குறைந்ததும் போய்விட்டது. ஏர்செல் என்கிற செல்பேசி நிறுவனத்தை எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் அதன் சிக்னல் போனபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீடுகூட வராமல் கடைவாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அப்போதும் நீங்கள் தலையிட்டீர்கள். இன்று தனியாரில் பெரியவை மூன்று, அதோடு பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் அந்த மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியில் விலையை ஏற்றின. பிடிக்கவில்லை என்றால் வேறு தனியார் நிறுவனத்துக்குப் போ என்று சொல்ல எங்களுக்கு இடமே இல்லை. 2025 ஆகஸ்டில் இரண்டு பெரிய நிறுவனங்கள் 249 ரூபாய் பேக்கை அடுத்தடுத்து எடுத்துவிட்டன. கட்டண நிர்ணயத்தை நிறுவனங்களிடமே விட்டுவைத்திருப்பது உங்கள் கொள்கை. நிறைய நிறுவனங்கள் மோதிக்கொண்டிருந்த காலத்தில் அது சரியான கொள்கைதான். இன்றைக்கும் அதுவே சரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

"இந்தியாவில் ஒரு ஜிபி மிகவும் மலிவு" என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஜிபி வாங்க வருவதில்லை. பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நெட்டெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி, பேசுறதுக்கு மட்டும் போடு" என்று கேட்கிறவர்கள். உங்கள் 2024 கணக்கிலேயே நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் 2ஜி என்கிற பழைய நெட்வொர்க்கில்தான் இருந்தார்கள். ஒரு ஜிபி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவர்களுக்கு அதனால் என்ன? போன் உயிரோடு இருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் பார்க்கிற விலை.

அந்த விலை எப்படி ஏறியது என்று பாருங்கள். முன்பெல்லாம் பத்து ரூபாய்க்கு ஈசி போட்டுக்கொண்டு போவார்கள். இன்கமிங் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். 2018 கடைசியில் 28 நாளுக்கு 35 ரூபாய் கட்டாயம் என்று ஆரம்பித்தது. 2024 ஜூலைக்கு அப்புறம் ஒரு பெரிய நிறுவனத்தின் 28 நாள் பேக் 199 ரூபாயில் தொடங்குகிறது. 35 ரூபாய் பேக்கில் பேச்சு அளவோடுதான், 199இல் அளவில்லாத பேச்சும் 2 ஜிபியும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த 2 ஜிபியைப் பட்டன் போனில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மகள் போன் பண்ணினால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதில் 199 போனால் ஆறில் ஒரு பங்கு போனுக்கே. அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை இல்லை, 28 நாளுக்கு ஒரு தடவை, ஆக வருடத்துக்கு 13 தடவை. கட்டாமல் விட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். அப்புறம் பேங்க் ஓடிபி வராது, கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய முடியாது, பணம் ஏறியதா இல்லையா என்கிற மெசேஜ்கூட வராது. அரசே எல்லாவற்றுக்கும் போன் எண்ணைக் கேட்கிறது. அப்படிக் கேட்கிற எண்ணை உயிரோடு வைத்திருக்கிற செலவை அரசின் எந்த அமைப்பும் பார்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 28 நாள் கணக்கு பற்றிப் புகார் வந்தபோது, 30 நாள் பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டீர்கள். 2024 டிசம்பர் 23 அன்று அதைவிடப் பெரிய காரியம் செய்தீர்கள். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றும், சிறப்பு பேக்குகளின் வேலிடிட்டி 90 நாளில் நின்றுவிடாமல் 365 நாள் வரை போகலாம் என்றும் விதியைத் திருத்தினீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று கடையில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன்.

2025 ஜனவரியில் தனியார் நிறுவனங்களின் பேக்குகள் வந்தன. பார்த்தால் 84 நாள், 336 நாள், 365 நாள். விலை 450ஐச் சுற்றி ஆரம்பித்து 1,850 வரை. மாத பேக் இல்லை. விதியில் மாதம் என்று சொல்லாததால் அவர்கள் கொடுக்கவில்லை. 84 நாளுக்கு 469 என்பதை 28 நாளாகப் பிரித்தால் சுமார் 156 ரூபாய், 199ஐவிடக் குறைவுதான். ஆனால் 469ஐ மொத்தமாக எடுத்து வைக்கக் கூடியவர் யார்? மாதச் சம்பளக்காரர் வைப்பார். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் வைக்க மாட்டார். அவர் கையில் இருப்பது அன்றைய கூலி. ஆகவே யாருக்காக இந்த விதி வந்ததோ அவர் இன்னும் 199 கட்டுகிறார், அவரைவிட வசதியானவருக்குச் சலுகை போய்ச் சேர்கிறது. மளிகைக் கடையில் மூட்டையாக வாங்கினால்தான் அரிசி என்று சொன்னால் படி அரிசி வாங்குகிறவர் எங்கே போவார்?

விலையையும் பாருங்கள். ஒரு நிறுவனம் 84 நாளுக்கு 6 ஜிபி டேட்டாவோடு 509க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. டேட்டாவை எடுத்துவிட்டு முதலில் 499 என்றது. அந்த விலைகளைப் பரிசீலிப்போம் என்று நீங்கள் சொன்னதும் அது 469 ஆனது. இன்னொரு நிறுவனமும் 458ஐ 448 ஆக்கியது. வெறுமனே பார்ப்போம் என்று நீங்கள் சொன்னதற்கே இவ்வளவு இறங்கியது என்றால், உட்கார்ந்து கணக்குக் கேட்டால் இன்னும் இறங்க இடமிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே அந்த 2024 விதியில் ஒரு வரி சேருங்கள். பேச்சு மட்டுமான பேக்குகளில் ஒன்று 30 நாளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். அதன் ஒரு நாள் விலை 84 நாள் பேக்கின் ஒரு நாள் விலையை ஒட்டி இருக்க வேண்டும். புதிய டவர் எதுவும் தேவையில்லை, புதிய அலைக்கற்றை தேவையில்லை. அதோடு, ஆப்பில் எங்கோ அடியில் ஒளித்து வைக்காமல் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள். இருக்கிறது என்று தெரியாத பேக்கை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ போன்ற பெரிய சேவைகளை நடத்துகிறவர்கள் தங்களுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு விடாமல் கேட்டுவருகிறது. அந்த டேட்டாவுக்கு நாங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. ஒரே டேட்டாவுக்கு இரண்டு பக்கமும் வசூலித்தால், அந்தச் செலவு கடைசியில் எங்கள் தலையில் சந்தாவாகவோ விளம்பரமாகவோ வந்து விழும். தென்கொரியாவில் இப்படி ஒரு முறை இருக்கிறது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் கட்டணம் என்று காரணம் சொல்லி, ட்விட்ச் என்கிற நேரலை நிறுவனம் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டில் கடையைக் கட்டியது. பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. நாளைக்குத் தமிழில் ஒருவர் பாடம் நடத்த ஒரு தளம் தொடங்கினால் எந்த நிறுவனத்திடம் போய்ப் பேரம் பேசுவார்? 2015இல் நாங்கள் மின்னஞ்சல் அனுப்பி எதிர்த்த தனிக் கட்டணம்தான் இது. வேறு பெயர் சொல்லி வந்தாலும் கதவைத் திறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலோசனைத் தாள்களைத் தமிழிலும் கொடுங்கள். முழுவதும் முடியாவிட்டால் கேள்விகளையாவது நான்கு பக்கத்தில் கொடுங்கள். தமிழில் எழுதிய பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்கிற உங்கள் கலந்துரையாடல் ஒன்றைத் திருவாரூரிலோ ராமநாதபுரத்திலோ வைத்துப் பாருங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர் உங்கள் இணையதளத்துக்கு வந்து கருத்துச் சொல்ல வழியே இல்லை. அதனால் கடந்த பத்து வருடமாக இணையம் இருக்கிறவர்களின் குரல்தான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. கேள்விகளை அனுப்பினால் நான் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டுகிறேன். ரீசார்ஜ் போட வருகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்,
திருவாரூர் மாவட்டம்