மான் தீவனப் பீப்பாய்: செய்முறையோடு கேட்டையும் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மான்களை ஓரிடத்துக்கு வரவழைக்க அமெரிக்க வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் தாங்களே செய்துகொண்ட மான் தீவனச் சாதனங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவற்றின் எளிமையைப் பாராட்டியதோடு நின்றுவிட்டது. அவை எப்படி வேலை செய்தன, எங்கே பழுதாயின, பல மாநிலங்கள் ஏன் அவற்றுக்குத் தடை போட்டன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பழசிலும் பழசு உப்புக் கட்டை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் துளை போட்டு உப்பைத் திணித்துவிடுவார்கள். மழை பெய்யப் பெய்ய உப்பு கரைந்து மண்ணில் ஊறும். மான்கள் அந்த மண்ணையே நக்கிக் குழியாக்கிவிடும். உப்பு தீர்ந்த பிறகும் அந்த இடத்தைத் தேடி வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது தொங்கும் வாளி. 5 கேலன் வாளியில், அதாவது சுமார் 19 லிட்டரில், 13 கிலோ மக்காச்சோளம் பிடிக்கும். அடியில் நடுவில் ஒரு துளை. வாளிக்குள் குறுக்கே வைத்த குச்சியிலிருந்து கம்பியில் ஒரு சோளக்கதிர் அந்தத் துளை வழியாகத் தொங்கும். மான் மூக்கால் முட்டினால் நாலு சோள மணி உதிரும். மோட்டாரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கதிருக்கும் துளை விளிம்புக்கும் உள்ள இடைவெளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மணியின் நீளத்தைவிட இடைவெளி குறைந்தால் மணிகள் குறுக்கே மாட்டி அடைத்துக்கொள்ளும். அதிகமானால் காற்று ஆட்டியே வாளியைக் காலி செய்துவிடும்.

பிறகு பி.வி.சி. குழாய் வந்தது. 4 அங்குலக் குழாய் 5 அடி நீளம், அடியில் ஒரு 'ஒய்' இணைப்பு, மேலும் கீழும் மூடி. மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் 9 கிலோ தானியம் நிற்கும். தின்னத் தின்னத் தன் எடையிலேயே இறங்கும். பலரும் கவனிக்காமல் விட்டது 'ஒய்' கிளைக்குக் கீழே உள்ள சிறு பகுதியைத்தான். அங்கே விழுந்த மணி எந்த வாய்க்கும் எட்டாது. கிளையின் வாய் வானத்தைப் பார்த்து இருப்பதால் மழைநீரும் அங்கேயே இறங்கும். ஈரம் பட்ட மணி முளைத்து, புளித்து, பூஞ்சை பிடித்து, மேலே இருக்கும் நல்ல தானியத்தையும் கெடுத்துவிடும். அந்த இடத்தைச் சிமென்ட் கலவையால் வெளிப்பக்கம் சரிவாக நிரப்பி, சரிவு முடியும் இடத்தில் கால் அங்குலத் துளை இரண்டு போட்டால் தண்ணீர் வடியும், மணி வெளியே வராது.

பீப்பாய்க் கதை பெரியது. 55 கேலன் டிரம், 208 லிட்டர். சுமார் 150 கிலோ சோளம் பிடிக்கும். மூன்று கால் வைத்து ஆளுயரத்துக்கு மேல் நிறுத்துவார்கள். தட்டையான அடித்தகட்டின் நடுவில் ஓட்டை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏராளம். சோளம் சுமார் 25 பாகைச் சரிவில் தானாக நின்றுவிடும். ஆகவே ஓட்டையைச் சுற்றி வளையமாக ஏறக்குறைய 15 கிலோ இறங்காமலே தங்கிவிடும். அதன் மேலேயே புதுச் சோளத்தைக் கொட்டினால் அடியில் கிடப்பது மாதக்கணக்கில் கிடந்து மக்கும். உள்ளே 45 பாகையில் தகரப் புனல் பொருத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

புனல் வாய்க்குக் கீழே ஒரு தகரத் தட்டு. அதைச் சுழற்றப் பழைய காரிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரும் ஒரு பேட்டரியும். வாய்க்கும் தட்டுக்கும் இடையே அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். நெருங்கினால் மணி சிக்கும். அகன்றால் தட்டு நின்றிருக்கும்போதே கொட்டும். நேரத்துக்கு இயக்கச் சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் போதும். மணி அடிக்கும்போது பின்னால் உள்ள சாவி தானாகச் சுழலும். அதில் ஒட்டிய தகரத்துண்டு இரண்டு கம்பிகளை உரசி மின்சாரத்தை விடும். சுருள்வில் தளர்ந்து நிற்கும்போது துண்டு கம்பியின் மேலேயே நின்றுவிட்டால் மோட்டார் விடாமல் ஓடும். பீப்பாய், பேட்டரி இரண்டும் அன்றே காலி. ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குகளோ தட்டைக் கையாலேயே சுழற்றிக் கொட்டித் தின்னும். கம்பிக்கூடு கட்டாவிட்டால் மானுக்கு மிஞ்சாது. காட்டுப்பன்றி பீப்பாயின் காலை முட்டித் தள்ளும் என்பதால் ஒவ்வொரு காலையும் தரையில் அடித்த முளையோடு பிணைக்க வேண்டும்.

இவையெல்லாம் கைவேலைக் குறைகள், திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது வேறு. குளிர்காலத்தில் சுள்ளியும் மொட்டும் தின்று பழகிய மானின் இரைப்பை நுண்ணுயிர்கள் மாவுச்சத்துக்குத் தயாராக இருக்காது. திடீரென்று வயிறு நிறையச் சோளம் கிடைத்தால் லாக்டிக் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் மான் சாகக்கூடும். பசியால் செத்தது என்று நினைப்பார்கள். அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்கச் சோளம் இருக்கும். பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்ளடாக்சின் நஞ்சும் உண்டாகலாம். மானோடு அங்கே பொறுக்க வரும் காட்டு வான்கோழி முதலிய பறவைகளையும் அது தாக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு, பல வாய்கள் ஒரே இடத்தில் படுவது. மிச்சிகனில் 1994இல் வேட்டையாடப்பட்ட மானில் மாட்டுக் காசநோய் கண்டறியப்பட்டு, அது காட்டு மான்களிடையே நிலைத்ததற்குத் தீவனக் குவியல்களும் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டன. மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் 1967இல் முதலில் காணப்பட்டது. விஸ்கான்சினில் 2002இல் தென்பட்டது. இதைப் பரப்பும் பிரியான் புரதம் எச்சில், சிறுநீர், சாணம் வழியாக வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மருந்தும் கிடையாது. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் தீவனம் வைப்பதற்கே தடை வந்தது. டெக்சாஸில் தனியார் நிலத்தில் இன்றும் அனுமதி உண்டு.

அந்த வகையில் கட்டுரை புகழ்ந்த குழாயும் தீவனத் தொட்டியும்தான் மோசமானவை, ஏனென்றால் எல்லா மானும் ஒரே விளிம்பை நக்குகின்றன. சுழல்தட்டுப் பீப்பாய் மணிகளைச் சிதறடிப்பதால் அந்த ஆபத்து சற்றுக் குறைகிறது, போய்விடவில்லை. விழும் இடம் தினமும் அதே இடம்தானே.

அமெரிக்காவில் குடியிருக்கும் நம் வாசகர்கள் யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால், முதலில் தங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) நடப்பு விதியைப் பார்க்க வேண்டும். நோய் புதிதாகத் தென்படும்போது தடைப் பகுதியும் மாறுகிறது. புறா, வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானுக்குக் கொட்டிய சோளம் கிடக்கும் இடம் மத்திய விதிப்படி இரை வைத்த இடமாகும். சோளத்தை முழுவதுமாக அகற்றி 10 நாள் ஆகும்வரை அங்கே அப்பறவைகளைச் சுடக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்