பென்சிலை வாங்கிய அக்கா எழுதுவது

அன்புத் தங்கைக்கு,

பெயர் போடவில்லை. நாலு பேர் படிக்கிற இடம் இது. உனக்குத் தெரியும், உனக்குத்தான் எழுதுகிறேன் என்று.

முந்தாநாள் சாயங்காலம், இந்த வருஷம் பள்ளிகளுக்கு வழிகாட்டியாகப் போக விண்ணப்பித்திருக்கும் கல்லூரி மாணவர்களின் பட்டியல் என் கைக்கு வந்தது. ஒன்பதாவது வரியில் நீ. வேறு யாரோ என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, படித்த பள்ளி என்ற இடத்தைப் பார்த்தேன். அப்புறம் அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

படிவத்தில் உன் கைபேசி எண்ணும் இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்காக நீ தந்த எண்ணை என் சொந்தப் பாரத்தை இறக்கிவைக்க எடுப்பது தப்பு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கலாம், படிக்காமலும் விட்டுவிடலாம். நான் எதிரில் நின்றால் உனக்கு அந்த வசதி இருக்காது.

உன்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஆள் நான். எடுக்கவில்லை. "இந்த மாணவியை எனக்கு முன்பே தெரியும்" என்று ஒரு வரி எழுதி, உன் படிவத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். முறை அதுதான். ஆனால் முறைக்காக மட்டுமே செய்தேன் என்றால் அது பொய்.

நாலு வருஷம் முன்னால் நான் உன் வகுப்புக்கு வழிகாட்டியாக வந்தபோது போட்ட அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ். நீ இரண்டு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் சமம் 5 என்று எழுதியிருந்தாய். எழுதிவிட்டு விடவில்லை. பென்சில் முனையைத் தாளில் ஊன்றியபடியே, சத்தம் வராமல், "அக்கா, பூஜ்யம் போட்டாலும் சரியா வருதே. அது எங்க போச்சு?" என்று கேட்டாய். கரும்பலகையில் ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். நாம் கடைசி பெஞ்சில். வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுப்பாகச் சொல்லித்தருவதுதான் எங்கள் வேலை. டீச்சரும் இல்லை, தோழியும் இல்லை. எந்த அளவுக்குப் பேசலாம் என்று யாரும் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லித்தரவும் இல்லை.

அன்றைக்கு என் பின்னால் மதிப்பீட்டுத் தாளோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உன்னிடம் அதை நான் சொன்னதே இல்லை. எங்கள் கல்லூரியிலிருந்து வந்தவர். மணி அடிக்க இன்னும் சில நிமிஷம்தான். உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் சட்டென்று வாயில் வரவில்லை. என்ன செய்தேன் என்றால், உன் கையிலிருந்து பென்சிலை வாங்கினேன். வாங்கினேன் என்று நாகரிகமாக எழுதுகிறேன், உருவினேன் என்பதுதான் சரி. உன் வரியை அடித்தேன். 5 எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்து, எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்து, மூன்றே வரியில் முடித்து, பூஜ்யம், ஐந்து என்று இரண்டு விடைகளையும் வட்டமிட்டேன். "இப்படித்தான் போடணும்" என்றேன்.

பென்சில் போன பிறகும் உன் மூன்று விரல்கள் அதைப் பிடித்த மாதிரியே குவிந்திருந்தன. பின்பக்கம் கடித்துக் கடித்து மரம் தெரிந்த பென்சில் அது. அழித்து அழித்துத் தாள் ஓர் இடத்தில் மெலிந்து போயிருந்தது. அழிப்பான் துகள் உன் விரலில் ஒட்டியிருந்தது. நான் பென்சிலைத் திருப்பித் தந்தேனா, பெஞ்சில் வைத்தேனா என்பதுகூட நினைவில்லை. அந்த மூன்று விரல்கள் மட்டும் இருக்கின்றன.

பின்னால் நின்றவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். உன் கேள்வி அப்படியே கிடந்தது.

இப்போது நான்தான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாள் அவர்களுக்கு மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரைப் பற்றிச் சொல்வேன். 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அவர் கண்டது இது: ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதிலே இல்லாமல் போவது குறைகிறது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் உன் நினைவுதான். நீ யாரும் காத்திருக்காமலே கேட்டவள். அதை நிறுத்தியது நான். அதற்கப்புறம் நீ என்னிடம் "சரிக்கா" என்பதைத் தவிர வேறு என்ன பேசினாய்? தலையாட்டினாய், நான் போட்டதைப் பார்த்து எழுதினாய், அவ்வளவுதான்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஆசிரியர் உன் நோட்டைப் பார்த்துக் கேட்டபோது, "அக்காவே போட்டுட்டாங்க" என்றாய். உண்மைதான். அதனால் எனக்கு ஒரு குறிப்பு எழுதப்பட்டது, என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். வாராவாரம் இரண்டு பஸ் மாறி, என் வகுப்பை விட்டுவிட்டு வந்தேனே, உனக்காகத்தானே வந்தேன் என்று கோபம். மணிக்கணக்குக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் யாரும் உன் விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

ஏழாவது வாரம் நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நான் அதை யாரிடம் கொண்டுபோனேன் என்பது உனக்குத் தெரியும். கொண்டுபோனது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன். தப்பு அதற்கு முன்னால் நடந்தது. நீ பேச ஆரம்பித்ததும், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. "சிலதை நான் பெரியவங்ககிட்ட சொல்லியாகணும், சொல்றதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பதினோராவது வாரத்தோடு நான் வருவதை நிறுத்திவிட்டேன். செமஸ்டர் தேர்வு. கல்லூரி நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எங்களுக்கு எல்லாம் முடிகிற நேரத்தில் உங்களுக்குப் பாடம் நடுவில் இருக்கும். அடுத்த வாரம் வர மாட்டேன் என்பது எனக்கு முந்தின வாரமே தெரியும். இருந்தும், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றுதான் சொன்னேன். ஏன் என்று நாலு வருஷமாக யோசிக்கிறேன். உன் முகம் மாறுவதைப் பார்க்கத் தைரியமில்லை. ஒருவேளை மாறாமல் இருந்துவிட்டால் அதையும் பார்க்கத் தைரியமில்லை. தனிப்பட்ட எண்ணை வாங்கிக்கொள்ளக் கூடாது என்ற விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். விதி நல்ல விதி. ஆனால் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுத எந்த விதியும் தடுக்கவில்லை.

ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வை முதுகலையில் படித்தேன். வழிகாட்டி அமைத்துத் தரும் ஏற்பாட்டில் சேர விண்ணப்பித்த 1,138 பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவில்தான் முன்னேற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவர்களுக்கோ, தங்கள் மேல் இருந்த மதிப்பும் படிப்பு தனக்கு வரும் என்ற நம்பிக்கையும் முன்பைவிடக் குறைந்திருந்தன. முன்பைவிட. அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன். பதினோரு வாரம் மூன்று மாதத்துக்குள் அடக்கம். வராமலே இருந்திருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்குமோ என்று அந்த ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எங்கள் படிவத்தில் முழுக் கல்வியாண்டுக்கும் ஒப்புக்கொண்டால்தான் சேர முடியும். கடைசி வகுப்புக்கு மூன்று வாரம் முன்னாலேயே பிள்ளையிடம் தேதியைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வரிகளையும் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டது நான். நீயும் அவற்றின் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

வருஷக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கு வந்தேன், தெரியுமல்லவா? வராந்தாவில் நீ தோழிகளோடு வந்தாய். நான் சிரித்தேன். ஒரு பெண் "யாருடி அது?" என்று கேட்டாள். "தெரியல" என்றாய். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாய். உனக்கு அப்போது பதினைந்து, கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. இருந்தாலும் சொல்கிறேன், அது ரொம்ப வலித்தது. எனக்கும் பத்தொன்பதுதான். இன்று உனக்கு ஆகிற அதே பத்தொன்பது. எவ்வளவு சின்ன வயசு அது என்று உன் படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஏன் வழிகாட்டியாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு நீ எழுதியிருந்த இரண்டு வரியை இங்கே வெளியிட எனக்கு உரிமையில்லை. மூன்று முறை படித்தேன். எழுத்து கொஞ்சமும் மாறவில்லை, ஏழு போடும்போது நடுவில் கோடு இழுக்கிறாயே, அதுகூட.

உன் கேள்விக்கான பதில் உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நான் உனக்குத் தரவேண்டிய கடன், அதனால் எழுதுகிறேன். எக்ஸால் வகுக்கிற அந்த நொடியிலேயே எக்ஸ் பூஜ்யம் இல்லை என்று நாம் வைத்துக்கொண்டுவிடுகிறோம். பூஜ்யத்தால் வகுக்க முடியாதே. அங்கேதான் அந்த விடை கைதவறிப் போகிறது. வகுத்ததில் ஒரு விடை தொலைந்ததை நீயே கண்டுபிடித்துச் சந்தேகப்பட்டாய் பார், அந்த வகுப்பில் அன்றைக்கு யாரும் அதைவிட நல்ல கணக்கு போடவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பயிற்சி அடுத்த வாரம் ஆரம்பம். உன் குழுவை நான் எடுக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. மேலே உன் எழுத்தில் இரண்டு வரி, அதன் மேல் என் கோடு, கீழே என் எழுத்தில் மூன்று வரி. வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள். வேண்டாமென்றால் என்னிடமே இருக்கட்டும்.

அக்கா