மூலிகைப் பக்கத்துல அளவையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல வர்ற மூலிகைப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். பழைய வண்ணாரப்பேட்டைல தாத்தா காலத்துல இருந்து நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கோம், அதனால ஞாயித்துக்கிழமை நீங்க என்ன போடறீங்களோ அது திங்கட்கிழமை காலைல எங்க கடை வாசல்ல வந்து நிக்கும், முன்னாடி பேப்பரக் கிழிச்சு எடுத்துட்டு வருவாங்க, இப்ப போன்ல போட்டோ புடிச்சுக் காட்டறாங்க. சமீபத்துல நித்யகல்யாணி பத்தி போட்டிருந்தீங்க. சர்க்கரை நோய்க்கு இலைய வெறும் வயித்துல மென்னு சாப்பிடலாம்னு ஒரே வரி. எத்தன இலை, எத்தன நாள், யார் தொடவே கூடாது, ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

மூலிகைய நம்பாதவன் எழுதறதுன்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்டு அடுப்பு எரியறதே இந்த வேரையும் பட்டையையும் வித்துதான். மருந்துச் செடின்னா அதுல சக்தி இருக்கு, சக்தி இருக்கறதாலதான் அளவு வேணும், இத அழுத்திச் சொல்லணும்னுதான் உக்காந்து எழுதறேன்.

அந்த நித்யகல்யாணியவே எடுத்துக்கோங்க. மடகாஸ்கர் தீவுச் செடி, அங்கருந்து உலகம் பூரா பரவுச்சு, நம்மூர்ல சுடுகாட்டு மல்லின்னு பேர் வச்சு சில பேர் வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, ஆனா மெட்ராஸ்ல காம்பவுண்ட் சுவர் ஓரம், பிளாட்பார வெடிப்பு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம்னு எங்க பாத்தாலும் தண்ணி ஊத்தாமயே பூத்து நிக்கும். ஜமைக்கால இந்த இலைய சுகருக்கு டீ மாதிரி போட்டுக் குடிச்சிட்டிருந்தாங்க. 1952ல அங்கருந்து கொஞ்சம் இலை கனடாவுக்குப் போச்சு, ராபர்ட் நோபிள்னு ஒரு விஞ்ஞானி அத எலிகளுக்குக் குடுத்துப் பாத்தாரு. வாய் வழியா குடுத்தா சுகர் ஒண்ணும் பெருசா கொறையல. சாறெடுத்து ஊசியா போட்டப்போ எலிகளோட வெள்ளை அணு சரசரன்னு எறங்கி, கிருமி தாக்கி செத்துப் போச்சு. வேற யாரா இருந்தாலும் இது சரிப்படாதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க, அவரு வெள்ளை அணுவக் கொறைக்குதுன்னா ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமான்னு யோசிச்சாரு. சார்லஸ் பியர்ங்கிற வேதியியல்காரரோட சேர்ந்து 1958 வாக்குல வின்பிளாஸ்டின்ங்கிற புற்றுநோய் மருந்த பிரிச்சு எடுத்தாங்க, அதே சமயத்துல அமெரிக்காவுல எலி லில்லிங்கிற மருந்துக் கம்பெனியும் இதே செடில வேலை பாத்து வின்கிரிஸ்டினக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு நம்ம அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்களுக்கு ஏத்தற மருந்துல அந்த வின்கிரிஸ்டினும் ஒண்ணு. டன் கணக்குல காஞ்ச இலை போட்டா கிராம் கணக்குலதான் சரக்கு கிடைக்கும், அத டாக்டருங்க மில்லிகிராம்ல அளந்து ரத்தக் குழாய்ல ஊசியா மட்டும்தான் போடுவாங்க, அதுக்கே கை கால் மரத்துப் போகுது, ரத்த அணு கொறையுது. பச்ச இலைய மென்னா அவ்வளவும் உடம்புல ஏறாதுதான், ஆனா அதே சரக்குதான் அந்த இலைலயும் இருக்கு. ஏற்கனவே சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுக்கற ஒரு வயசானம்மா கிட்ட இத ஒரே வரில சொல்லிட்டுப் போறது எப்படிங்க சரியாகும்? கர்ப்பமா இருக்கற பொண்ணு படிச்சா?

செய்முறையும் அதே மாதிரிதான். சீனாவுல 4ஆம் நூற்றாண்டுல கே ஹாங்னு ஒருத்தர் எழுதி வச்ச குறிப்புல, குளிர்காய்ச்சலுக்கு சிங்ஹாவ் செடிய ஒரு கைப்பிடி எடுத்து தண்ணில ஊற வச்சு, பிழிஞ்சு சாறக் குடிக்கச் சொல்லிருக்கு. காய்ச்சச் சொல்லல. மலேரியாவுக்கு மருந்து தேடிட்டிருந்த சீன விஞ்ஞானி டூ யூயூ அம்மா அதப் படிச்சுதான், அப்போ சூடு பட்டா சத்து போயிடும் போலன்னு புடிச்சாங்க, சூடு காட்டாம ஈதர்ங்கிற கரைப்பான்ல சாறெடுத்தாங்க, மருந்து வேலை செஞ்சது. 2015ல நோபல் பரிசு. நம்ம நிலவேம்பு குடிநீர் இதுக்கு நேர் எதிர், நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஒன்பதையும் ஒண்ணு ரெண்டா இடிச்சு தண்ணி ஊத்தி நல்லா வத்தக் காய்ச்சி வடிகட்டி, சூடு ஆறினதும் கொஞ்ச நேரத்துக்குள்ள குடிச்சிடணும். டெங்கு சீசன்ல கடைக்கு வர்றவங்க இந்தப் பொடிய சுடுதண்ணில கலக்கி அப்படியே முழுங்கறாங்க, கேட்டா பேப்பர்ல நிலவேம்பு நல்லதுன்னு போட்டிருந்ததுன்றாங்க. நல்லதுதான். எப்படி குடிக்கணும்னு எழுதினவரு சொல்லலையே.

அடுத்து கீழாநெல்லி, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இது நம்ம மெட்ராஸ் பெருமை. 1988ல சென்னைப் பல்கலைக்கழகத்துல டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு, கல்லீரலத் தாக்கற ஹெபடைடிஸ் பி வைரஸக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின ப்ளம்பெர்க்கோட சேர்ந்து லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல ஒரு ஆய்வு போட்டாங்க. வைரஸ் உடம்புலயே தங்கிப் போனவங்களுக்கு கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள். எடுத்துக்கிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் மறைஞ்சிருந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் வேற நாடுங்கள்ல செஞ்சு பாத்தப்போ அந்த அளவுக்கு வரல. இந்த ரெண்டாவது பாதிய மூலிகைப் பக்கத்துல யாரும் எழுதறதே இல்ல, முதல் பாதிய மட்டும் எழுதி மஞ்சக்காமாலைக்கு கைகண்ட மருந்துன்னு முடிச்சிடறாங்க. காமாலைல எத்தனையோ வகை. சில வைரஸ் காமாலை ஓய்வெடுத்தாலே தானா எறங்கிடும், அதுக்கு கீழாநெல்லிக்கு நல்ல பேரு கிடைச்சிடும். பித்தப்பைக் கல்லு குழாய அடைச்சு வர்ற காமாலைக்கு கீழாநெல்லி குடிச்சுட்டு பத்து நாள் உக்காந்திருந்தா ஆள் கதையே முடிஞ்சிடலாம். கண்ணு மஞ்சளா வந்து நிக்கறவங்கள, முதல்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னுதான் நான் சொல்லி அனுப்பறேன்.

செடிய அடையாளம் காணறதும் லேசுப்பட்ட விஷயம் இல்ல. கட்டு கட்டா வர்றதுல கீழாநெல்லியோட மேலாநெல்லி கலந்திருக்கும், செவப்புத் தண்டு வகையும் கலந்திருக்கும். கிளையத் திருப்பிப் பாத்தா இலைக்கு அடில வரிசையா கடுகவிட கொஞ்சம் பெரிய பச்சக் காய் காம்போட தொங்கணும், செவப்பு வகைல காய்க்கு காம்பே இருக்காது, தண்டோட ஒட்டிட்டு சொரசொரன்னு இருக்கும். பச்சையா இருந்தா கண்டுபுடிச்சிடலாம், காய வச்சு பொடியாக்கிட்டா கடவுளுக்குத்தான் வெளிச்சம். நீங்க போடற போட்டோவுலயாவது இலையோட அடிப்பக்கம் தெரியற மாதிரி போடலாமே, பல தடவ தூரத்துல நிக்கற பச்சச் செடி படம்தான் வருது. பெரு, பிரேசில் பக்கம் இதே குடும்பத்துச் செடிய கிட்னி கல்லுக்குக் குடிக்கறாங்க, அத ஒரு தடவ எழுதுங்க, நல்லா இருக்கும்.

செடி மாறினா என்ன ஆகும்னு பெல்ஜியத்துல பாத்தாங்க. 1990கள்ல பிரஸ்ஸல்ஸ்ல உடம்பு இளைக்க சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல கிட்னி பாதிச்சு, பல பேருக்கு டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம்னு போச்சு. வர வேண்டிய வேருக்குப் பதிலா அதே மாதிரி பேர் வச்ச வேற செடியோட வேர் வந்து சேர்ந்திருந்தது. அந்தச் செடிக்கு நெருங்கின சொந்தம் நம்ம ஆடுதீண்டாப்பாளை, அங்க கிட்னியக் கெடுத்த அதே அரிஸ்டோலோக்கிக் அமிலம் இதுலயும் இருக்கு. பாம்புக்கடிக்கும் தோல் வியாதிக்கும் இத உள்ளுக்குச் சாப்பிடச் சொல்லி வாசகர் குறிப்புன்னு வந்தா தயவு செஞ்சு அப்படியே போட்டுடாதீங்க.

நம்ம மாநிலப் பூ செங்காந்தளும் அப்படித்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிங்க கண்வலிக்கிழங்குன்னு பந்தல் போட்டு வளத்து விதைய எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பறாங்க, அதுல இருக்கற கொல்கிசின்தான் கவுட்ங்கிற மூட்டு வலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையா மெடிக்கல்ல கிடைக்குது. அரை மில்லிகிராம்! கிழங்க கடிச்சுத் தின்னா உயிரே போகலாம். நிலாவாரையும் அரபு நாட்டுச் செடி, திருநெல்வேலிச் சீமை மண்ணுல நல்லா வந்து, டின்னவெலி சென்னான்னு நம்ம ஊர் பேரச் சுமந்துக்கிட்டு உலகம் பூரா மலச்சிக்கலுக்குப் போகுது, அதையும் டாக்டரக் கேக்காம ரொம்ப நாள் பழக்கமாக்கிக்கக் கூடாது.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்ல. ஒவ்வொரு மூலிகைக் கட்டுரைக்குக் கீழயும் ஒரு சின்ன கட்டம் போடுங்க, எந்த பாகம், எவ்ளோ, எப்படி செய்யணும், எத்தன நாள், கர்ப்பிணியும் குழந்தையும் கிட்னி கோளாறு இருக்கறவங்களும் சாப்பிடலாமா, எந்த இங்கிலீஷ் மருந்தோட சேரக் கூடாது. எழுதி முடிச்சதும் ஒரு சித்த மருத்துவர் கிட்ட காட்டி சரி பாருங்க, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு, அரும்பாக்கத்துல அரசு சித்தா ஆஸ்பத்திரி இருக்கு, மெட்ராஸ்ல ஆளுக்கா பஞ்சம். கட்டுரைல நாலு வரி கொறைஞ்சாலும் பரவால்ல, அந்தக் கட்டம் கொறையக் கூடாது.

அடுத்த வாரம் ஆவாரம்பூன்னு அறிவிச்சிருக்கீங்க. சுகர் மாத்திரை போடறவங்க அதோட ஆவாரம்பூ கஷாயமும் குடிச்சா சுகர் ரொம்ப எறங்கிடுமா, டாக்டர் கிட்ட சொல்லிட்டுதான் ஆரம்பிக்கணுமாங்கறத அதுலயே போட்டுடுங்க. நித்யகல்யாணிக்கு ஒரு திருத்தமும் அதே பக்கத்துல, கண்ணுல படற மாதிரி வந்தா நல்லா இருக்கும், அந்த போட்டோ இன்னும் நிறைய பேர் போன்ல இருக்கு.

இப்படிக்கு,
ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை