செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கேசட், எழுத்துரு, மோட்டார் பெட்டி

பொதுக்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சனிக்கிழமைக் கூடுகையில் பெரும்பகுதி நேரம் பழைய கேசட்டுகளைச் சரிசெய்து கணினியில் ஏற்றுவதற்கே போயிற்று. அதில் வருத்தமில்லை. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டுப்புறக் காவியமான அண்ணமார் கதையை ஒலிநாடாவில் பதிந்து வைத்ததால்தான் அந்தப் பாட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பின்னாளில் ஊர் ஊராக டேப்ரிக்கார்டரில் பிடித்த உடுக்கடிப் பாட்டு பலவும் இன்னும் அட்டாலியில்தான் (பரணில்) கிடக்கிறது.

வந்த கேசட்டுகளில் பாதிக்கு மேல் நாடா கெடவில்லை. நாடாவை ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. அது இல்லையென்றால் பாட்டு மூட்டமாகக் கேட்கும், இடையிடையே அமுங்கும். வெற்று கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு அந்தத் துண்டைக் கழற்றிப் போட்டால் போதும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் வேலை சுலபம். ஒட்டிய கூட்டை ஓரத்தில் கத்தி விட்டுப் பிளந்து, இரு சுருளையும் திருகுக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாடாவின் வெளிப்பக்கத்தை விரலால் தொடக்கூடாது, பாட்டு இருப்பது அதில்தான். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள். டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட்டால் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

ஓட்டுமுன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் இறுகிய சுருள் தளரும். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் இடம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகு இருக்கும். பதிந்த டெக்கின் ஹெட் சாய்வும் நம் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மேல்சுரம் எல்லாம் செத்துவிடும். இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். உடுக்கை ஒலியை நம்ப வேண்டாம், அது எப்படியும் கேட்கும். ஜால்ராவும், பாடுபவர் வாயில் வரும் ‘ச’வும் பளிச்சென்று கேட்கும் இடம்தான் சரியான இடம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

மடிக்கணினியின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் ஒலி கரகரக்கும். அது மைக்கின் மெல்லிய சிக்னலுக்கானது. டெக்கின் வலுவான சிக்னலை வாங்கும் லைன்-இன் ஓட்டை உள்ள யூஎஸ்பி பெட்டி வாங்கியே ஆகவேண்டும். ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் கேட்டால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிகிறோம். அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 500 எம்பிக்குச் சற்று மேல் வரும். இரைச்சல் நீக்கும் வசதியை மூலக்கோப்பில் தொடவே கூடாது என்பது நம் முடிவு. இரைச்சலோடு உடுக்கையின் அதிர்வும் போய், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடுகிறது.

அடுத்து, அச்சகங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் கிடைத்த பழைய எழுத்துருக் கோப்புகள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகை இன்னும் ஏற்கவில்லை. மாற்றும்போது வரும் சிக்கல் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பில் இருக்கிறது. பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். ஆகவே மாற்றுப் பட்டியலில் ‘கொ’ முதலில், பிறகு ‘கெ’, கடைசியில் ‘க’ என நீளமானதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதைச் சரியாகச் செய்தாலும் ‘பௌர்ணமி’ ‘பெளர்ணமி’ ஆகிவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. கொம்பு போட்ட எழுத்தை அடுத்து வெறும் ‘ள’ வந்தால் ஔகாரம் ஆக்கு என்று நிரலுக்குச் சொல்லிப் பார்த்தோம். உடனே நம் பேச்சுவழக்கு ‘வெளக்கு’ ‘வௌக்கு’ ஆயிற்று! இந்த இடங்களை ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

தோட்டத்து மோட்டாரை மொபைலிலிருந்தே இயக்கும் ஸ்டார்ட்டர் பற்றிக் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளேயே விட்டால் சிக்னல் வராது, வெளியே எடுங்கள். எல்லோரும் ‘ஆட்டோ’வில் வைத்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பி வோல்டேஜ் விழும், தாமத நேரத்தை ஆளுக்கு ஒரு விதமாக வைத்துக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வேலைக்குப் பிறகு தண்ணீர் குறைந்தால் போர்வெல் வற்றிவிட்டது என்று பதற வேண்டாம். மும்முனை மின்சாரத்தின் ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். மெயினை அணைத்துவிட்டு, மூன்றில் ஏதேனும் இரண்டு வயரை இடம் மாற்றினால் தீரும். கான்டாக்டருக்குள் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சுக்குள்) நசுங்கிய பல்லி எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நேராக நட்ட பொருளுக்கு நிழல் விழாத நிழலில்லா நாள் ஈரோட்டில் ஏப்ரல் 20ஐயும் ஆகஸ்ட் 23ஐயும் ஒட்டி வரும். நேரம் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, ஈரோடு 77.7. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் பின்தங்குவதால் ஏப்ரலில் 12.18 வாக்கில் பார்க்க வேண்டும். பைப்பை நட்டால் மட்டும் போதாது, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நேர்பார்த்து நடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். டெக்குக்கு ரப்பர் பெல்ட் இரண்டு வாங்க ஒப்புதல் வேண்டும். பழையது தாராக உருகிவிட்டது. திருகு போட்ட வெற்றுக் கேசட் வீட்டில் இருப்பவர்கள் எறியாமல் கொண்டுவந்து தரவும். அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்