மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் வெளியிட வேண்டாம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த சில நிமிடங்களில் அச்செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் வசிக்கும் எங்களுக்கு இது பேருதவி. தலைமை ஆசிரியர்கள் சமூக ஊடகத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கோரிக்கையன்று.

ஆனால், அரையாண்டுத் தேர்வுக்குப் பின், என் மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் முழுவதையும் பெயர்களோடு படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டார்கள். கணிதத்தில் தேறாதவர்களின் பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்று என் மகளுடைய தோழியின் பெயர். மறுநாள் அந்தச் சிறுமி பள்ளிக்கு வரவில்லை. முன்பு ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவதோடு ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்த வீட்டுக்குள் நின்றுவிடும். இன்று அது தெருவில் உள்ள எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. நிர்வாகத்திடம் கேட்டபோது, பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோர் அப்போதுதான் அக்கறை கொள்வார்கள் என்று பொறுமையாகவே விளக்கினார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஊரறியத் தலைகுனிய வைத்துப் பெறும் அக்கறை எனக்கு ஏற்புடையதன்று.

மாணவர் சேர்க்கைக்காகப் பிள்ளைகளின் படங்களைப் பெயர், வகுப்புடன் முகநூலில் வெளியிடுவதும் இப்படித்தான் நடக்கிறது. 18 வயது நிறைவடையாதோரின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இதைப் பேசுவதற்கு உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழுவே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்கள். வாட்ஸ்அப் குழுவில் எவற்றைப் பகிரலாம் என்பதை மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பேசிப் பள்ளிக்குப் பரிந்துரைக்கலாம்.

ஆண்டுத் தேர்வு முடிவுகள் வெளியாவதற்கு முன்பே, மதிப்பெண்களை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக மட்டுமே தெரிவிக்க வேண்டும், படங்களை எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது, திறன்பேசி இல்லாத வீடுகளுக்கு நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்பும் வழக்கத்தைக் கைவிடக் கூடாது என்று பள்ளிக் கல்வித்துறை எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய்,
நாகப்பட்டினம் மாவட்டம்.